காலில் சக்கரம் கட்டிச் சுழன்று தாவ: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: ரோலர் ஸ்கேட்டில் சுழன்று தாவுவது எப்படி, ஏன் விழுகிறோம், பிள்ளைகளை எந்த அளவுக்கு விடலாம். அதனால் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம். கீழே சொல்வதெல்லாம் இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்பவர்களுக்கு. இவர்கள் வலது காலில் இறங்குவார்கள். வலப்பக்கமாகச் சுழல்வது இயல்பாக வருகிறவர்கள் இடது, வலது இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 11 வயது. நாலு சக்கர ஸ்கேட்டில் முன்னும் பின்னும் நன்றாக ஓட்டுகிறான். காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒரு முழுச் சுற்றுத் தாவல் போடுகிறேன் என்று தினமும் விழுந்து எழுகிறான். எதிலிருந்து தொடங்கவேண்டும்?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

இறங்குவதிலிருந்து. காணொளியில் கண்ணைப் பறிப்பது காற்றில் சுற்றும் பகுதி. ஆனால் பிள்ளைகள் விழுவது அங்கே இல்லை, தரையைத் தொட்ட பிறகுதான். வால்ட்ஸ் தாவல், டோ லூப், சால்கோ, லூப், ஃப்ளிப், லட்ஸ், ஆக்ஸல் என்று எந்தத் தாவலானாலும் முடிவு ஒன்றே: வலது கால், பின்னோக்கிய ஓட்டம், வெளி எட்ஜ். இந்த ஒரு நிலை கைவந்துவிட்டால் எல்லாத் தாவலிலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

எட்ஜ் என்றால் என்ன என்பதை மகனுக்குப் புரியவையுங்கள். ஸ்கேட்டை ஒரு பக்கம் சாய்த்தால் அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பகுதியான ட்ரக் திரும்பி, நேராக ஓடிய ஸ்கேட் வளைந்து ஓடும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் வெளி எட்ஜ், கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் உள் எட்ஜ். அவன் முதலில் செய்யவேண்டியது, வலது காலில் மட்டும் நின்று, பின்னோக்கி, வெளி எட்ஜில் ஒரு பெரிய வளைவு. முழங்கால் நன்றாக மடிந்திருக்கவேண்டும். இடது கால் பின்னால் நீண்டிருக்க, இடது கை முன்னால், வலது கை பக்கவாட்டில். மூன்று விநாடி தடுமாறாமல் ஓட வேண்டும். அது ஐந்து விநாடியாகும் வரை தாவலைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, ஓடாமல் நின்ற இடத்திலேயே இரண்டு காலில் எழும்பி அரைச் சுற்று. அதன் பிறகு மெதுவான ஓட்டத்தில் அதே அரைச் சுற்று. அப்புறம் இடது காலில் த்ரீ டர்ன், அதாவது முன்னோக்கி வெளி எட்ஜில் போய், அதே காலில் திரும்பிப் பின்னோக்கி உள் எட்ஜில் வெளியே வருவது. இவ்வளவும் வந்தால் வால்ட்ஸ் தாவலுக்குத் தயார். அது அரைச் சுற்றுதான். ஆனால் பின்னால் வரப்போகும் ஆக்ஸல் வரைக்கும் அதுதான் அடித்தளம்.

வால்ட்ஸ் தாவலின் வரிசை இது. வலது காலில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்னே திரும்பி இடது காலை வெளி எட்ஜில் வைக்க வேண்டும். கைகள் இரண்டும் இடுப்புக்குப் பின்னால். இடது முழங்கால் ஆழமாக மடிய வேண்டும். வலது கால் பின்னாலிருந்து இடது காலை உரசினாற்போல் நேராக முன்னே வந்து மேலே ஏறும். கைகளும் கூடவே ஏறும். அந்த நேரம் இடது முழங்கால் நிமிர்ந்து உடலை மேலே தள்ளும். கடைசியாகத் தரையை விடுவது இடது ஸ்கேட்டின் முன் இரண்டு சக்கரங்கள். சுற்றவேண்டும் என்று அவன் தனியாக எதுவும் செய்யக்கூடாது. வளைவில் ஓடிவந்த உடலுக்குச் சுழற்சி ஏற்கெனவே இருக்கிறது. மேலே போனாலே அரைச் சுற்று தானாக வந்துவிடும்.

இறங்கும்போது எடை பாதத்தின் முன்பகுதியில் விழவேண்டும், ஆனால் ஸ்கேட்டின் முன்முனையில் உள்ள ரப்பர் கட்டையான டோ ஸ்டாப் தரையில் படக்கூடாது. அது பட்டால் காலின் வேகம் சட்டென்று அறுந்துபோகும், உடம்பு மட்டும் பின்னால் போகும். குதிகால் சக்கரத்தில் இறங்கினாலும் விளைவு அதே: மல்லாந்து விழுவான். இறங்கிய நிலையை மனதுக்குள் மூன்று எண்ணும் வரை பிடிக்கச் சொல்லுங்கள். பிடிக்க முடியாத தாவலைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

எனக்கு 17 வயது, சின்ன வயதிலிருந்தே பரதநாட்டியம் ஆடுகிறேன். வால்ட்ஸ் தாவல் சுத்தமாக வருகிறது. சால்கோ போட்டால் முக்கால் சுற்றில் நின்றுவிடுகிறது. தோளை இன்னும் வேகமாக வீசு என்கிறார்கள் கூட ஆடுபவர்கள். வீசினால் இன்னும் மோசமாக விழுகிறேன்.
– ஒரு வாசகி, மெரிபேங்க்

வீசாதீர்கள். தோளை வீசினால் மேலுடம்பு முதலில் திரும்பிவிடும், இடுப்பும் காலும் பின்தங்கும். உடம்பு முறுக்கிக்கொண்டு அச்சு சாய்ந்துபோகும். சாய்ந்த அச்சில் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நிற்க முடியாது. சுழற்சி வருவது எட்ஜிலிருந்து. வேகம் கூடுவது கையை உள்ளே இழுப்பதால். தோளுக்கு அதில் வேலையே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு பார்த்தால் இது விளங்கும். தரையிலிருந்து 15 செ.மீ. எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.35 விநாடி. அதையே இரட்டித்து 30 செ.மீ. எழும்பினால் நேரமும் இரட்டிக்கும் என்று நினைப்போம். ஆனால் கிடைப்பது சுமார் 0.5 விநாடிதான். உயரத்தைக் கூட்டுவதற்குப் படும் பாட்டுக்கு நேரத்தில் கிடைக்கும் லாபம் குறைவு. காலில் கனமான ஸ்கேட் வேறு. ஆனால் விரித்த கைகளை நெஞ்சோடு சேர்த்தால் அதே 0.35 விநாடிக்குள் சுற்றும் வேகம் சட்டென்று ஏறும். சுழலும் உடலின் எடை அச்சுக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும் என்ற இயற்பியல் விதி இங்கே நமக்காக வேலை செய்கிறது. நீங்கள் முக்காலில் நிற்பதற்குப் பெரும்பாலும் கையைத் தாமதமாக இழுப்பதுதான் காரணம். உச்சிக்குப் போன பிறகு இழுத்தால் பாதி நேரம் போய்விட்டது. கால் தரையை விட்ட கணமே இழுங்கள்.

அடுத்த காரணம் சால்கோவுக்கே உரியது. இடது காலில் த்ரீ டர்ன் போட்டுத் திரும்பியதும் சுழற்சியை ஒரு கணம் நிறுத்தவேண்டும். இடது கை முன்னால், வலது கை பின்னால், வலது கால் நேராகப் பின்னால் நீண்டு, உடல் அப்படியே உறைந்தது போல் பின் உள் எட்ஜில் ஓட வேண்டும். இந்த நிறுத்தத்தைச் செக் என்பார்கள். செக் இல்லாவிட்டால் வளைவு இறுகிச் சுருண்டுபோகும், நீங்கள் மேலே போவதற்குப் பதில் பக்கவாட்டில் வீசப்படுவீர்கள். செக் பிடித்த பிறகு இடது முழங்காலை மடித்து, வலது காலைப் பின்னாலிருந்து அகலமாகச் சுற்றி முன்னே கொண்டுவாருங்கள். அது உடலுக்கு முன்னே வந்து ஏறத்தொடங்கும் நேரம்தான் குதிக்கும் நேரம். அதற்கு முன் குதித்தால் கால் வீச்சின் பலன் கிடைக்காது. காற்றில் எடை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறவேண்டும்; மாறாவிட்டால் இறங்கும்போது இடது கால் தானாகக் கீழே வந்துவிடும்.

தரையில் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். கால்வாசிச் சுற்றுக் குறைவாக இறங்கினால் ஓடும் திசைக்குச் சக்கரங்கள் குறுக்கே நிற்கும். சக்கரம் பக்கவாட்டில் உருளாது. பாதம் நின்றுவிடும், அதற்கு மேலே உள்ள முழங்கால் மட்டும் திரும்பும். முழங்கால் கெடுவது இப்படித்தான். காற்றிலேயே குறைகிறது என்று தெரிந்தால் ஒற்றைக் காலில் இறங்கப் பிடிவாதம் பிடிக்காமல் இரண்டு காலையும் வைத்து, மடிந்து, பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள்.

நாட்டியம் உங்களுக்குப் பெரிய துணை. அரைமண்டியில் நிமிர்ந்த முதுகோடு நிற்கும் தொடைவலு ஸ்கேட் பழகும் பலருக்கு இருக்காது. ஆனால் அரைமண்டியில் முழங்கால் வெளிப்பக்கம் திரும்பும். இங்கே அது கால்விரலின் நேர்மேலே மடியவேண்டும். பாதத்தை வெளியே திருப்பி இறங்கும் பழக்கம் இருந்தால் ஸ்கேட் வளைவை விட்டு விலகி ஓடும். இன்னொன்று: அடவில் கை போன இடத்துக்குக் கண் போகும். தாவலில் கண் முன்கூட்டிப் போகக்கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், மறுபடியும் பழைய சிக்கல்.

தினமும் ஸ்கேட் இல்லாமல், சாதாரண ஷூவில், வீட்டு முற்றத்தில் ஒரு முழுச் சுற்று குதித்து வலது காலில் இறங்கிப் பாருங்கள். அங்கே முக்கால்தான் வருகிறதென்றால் சக்கரத்திலும் முக்கால்தான் வரும். பத்து முறை போதும்.

பழைய ஸ்கேட் ஒன்று மகளுக்கு வாங்கினேன். தாவல் பழகுவதற்கு முன் அதில் எதையெல்லாம் பார்க்கவேண்டும்?
– ஒரு தந்தை, டோங்காட்

கவிழ்த்துப் பிடித்து, பூட்ஸின் அடியில் உள்ள பிளேட்டைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். டோ ஸ்டாப் திருகி ஏறும் துளையைச் சுற்றி, பிறகு ட்ரக்கின் முனை போய் உட்காரும் சின்னக் கிண்ணத்தைச் சுற்றி, முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தாலும் அந்த ஸ்கேட்டில் தாவக்கூடாது. பிளாஸ்டிக் பிளேட்டில் விரிசல் விழுவது இந்த இரண்டு இடங்களில்தான். நடைபாதையில் உலாவப் போட அது தாங்கலாம், தாவி இறங்கும் எடையைத் தாங்காது. அலுமினிய பிளேட் என்றால் கவலை குறைவு. அந்தக் கிண்ணம் தேய்ந்திருந்தால் ட்ரக்கைக் கையால் ஆட்டும்போது லொடலொடவென்று சத்தம் கேட்கும். கிண்ணத்தை மட்டும் மாற்றலாம்.

ட்ரக்கின் நடுவே உள்ள ரப்பர் குஷன்தான் எட்ஜ் எவ்வளவு எளிதாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிறு பிள்ளையின் எடைக்குக் கடினக் குஷன் நசுங்காது, அவள் எவ்வளவு சாய்ந்தாலும் ஸ்கேட் நேராகவே ஓடும். மென்மையான குஷன் போட்டு, நட்டை ஒரு நேரத்தில் கால்வாசித் திருகு மட்டும் தளர்த்திப் பாருங்கள். முன்னும் பின்னும், இரண்டு ஸ்கேட்டிலும் ஒரே அளவு. வேகத்தில் ஸ்கேட் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, கொஞ்சம் திரும்ப இறுக்குங்கள்.

டோ ஸ்டாப் உயரம் மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது இடைவெளி ஏறக்குறைய இரண்டு விரல் கனம். மகளை ஸ்கேட்டோடு முழங்காலை முழுவதும் மடித்து முன்பாதத்தில் அழுத்தச் சொல்லுங்கள். அப்போதும் டோ ஸ்டாப் தரையைத் தொடக்கூடாது. தொட்டால் ஏற்றுங்கள். அது தேயத் தேய இறக்கவேண்டும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் பூட்டு நட்டைச் சாவியால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த ஸ்டாப் தாவும் நேரத்தில் கழன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சக்கரம்: வெளியில் ஓட்ட 62 முதல் 65 மி.மீ. அளவில், கடினம் 78ஏ அளவிலான மென்சக்கரம் நல்லது. ஆனால் அது தரையைக் கவ்விப் பிடிக்கும். தாவலில் புறப்படும்போது பாதம் சற்றுத் திரும்பவேண்டும். கவ்விக்கொண்டால் அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகும். மண்டபத்துக்குள் பழக 57 மி.மீ. விட்டமுள்ள சிறுசக்கரமும் 92ஏ அல்லது அதற்கு மேற்பட்ட கடினமும் பொருந்தும். வழவழப்பான தரையில் மிகக் கடினமான சக்கரம் வழுக்கும், ஆகவே அந்தந்தத் தரையில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். பூட்ஸில் குதிகால் எழும்பக்கூடாது. கயிற்றை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் வளைவில் இறுக்கமாகவும் கட்டுங்கள். பேரிங்கில் எழுதியிருக்கும், அதன் துல்லியத்தைக் காட்டும் ஏபெக் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தாவலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

டோ லூப் முழுச் சுற்று போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில் அரைச் சுற்றுதான் என்று ஒருவர் சொன்னார். அது எப்படி?
– ஒரு மாணவர், ஃபீனிக்ஸ்

சொன்னவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ரோலர் ஸ்கேட்டில் பலர் மேப்ஸ் என்று அழைக்கும் இந்தத் தாவலில் வலது காலில் பின் வெளி எட்ஜில் ஓடிக்கொண்டே, இடது டோ ஸ்டாப்பைப் பின்னால் குத்தி எழும்பவேண்டும். பலர் குத்திய பிறகு டோ ஸ்டாப்பின் மேலேயே நின்று முன்பக்கம் திரும்பி, அதன் பிறகுதான் குதிக்கிறார்கள். அரைச் சுற்று தரையிலேயே தீர்ந்துபோகிறது. காற்றில் மிஞ்சுவது ஒரு வால்ட்ஸ் தாவல்.

பக்கவாட்டிலிருந்து யாரையாவது கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி, வேகத்தைக் குறைத்து ஓடவிடுங்கள். டோ ஸ்டாப் தரையை விடும் கணத்தில் நெஞ்சு எந்தத் திசையைப் பார்க்கிறது? பயணத் திசையை நேராகப் பார்த்தால் தவறு. திருத்தும் வழி: இடது காலை உடலுக்குப் பக்கத்தில் குத்தாமல், நேர் பின்னால் நன்றாக நீட்டிக் குத்துங்கள். வலது கால் ஓடிவரும் வேகத்தில் இடது காலை நோக்கி இழுபட்டு வரும். இரண்டும் சேரும் நேரம் மேலே போங்கள். குத்துவது என்றாலும் ஓங்கி அடிக்கவேண்டாம். ரப்பர் தரையில் கிரீச்சென்று இழுபடும் சத்தம் வந்தால் எடை முழுவதும் ஸ்டாப்பில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

என்னிடம் 80 மி.மீ. சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட்தான் இருக்கிறது. இதில் பழகலாமா?
– லெனேசியா வாசகர்

இரண்டு காலில் அரைச் சுற்று, முழுச் சுற்று பழகலாம். வால்ட்ஸ் தாவலும் முடியும். டோ லூப், ஃப்ளிப், லட்ஸ் மூன்றும் முடியாது, குத்துவதற்கு முன்முனையில் ஸ்டாப் இல்லை. தவிர, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நீளமாக நிற்பதால் வளைவு இறுக்கமாக வராது. கலை ஸ்கேட்டிங்குக்கென்று வரும் இன்லைன் பிரேமில் நடுச்சக்கரங்கள் சற்றுத் தாழ்ந்தும் முன்முனையில் ஒரு ரப்பர் ஸ்டாப்போடும் இருக்கும். அது வேறு பொருள். பின்னால் பிரேக் பொருத்திய ஸ்கேட் என்றால் தாவும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். பின்னோக்கி இறங்கும்போது முதலில் தட்டுவது அதுதான்.

பேத்திக்கு 12 வயது. ஸ்கேட் போட்டு வந்தால் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறாள். தொட்டால் ஒரு புடைப்பு தெரிகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை தாவவிடலாம்?
– ஒரு ஆயா, ஐசிபிங்கோ

ஆயா, முதலில் அவளை மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை தாவலை நிறுத்திவையுங்கள். வளரும் வயதில், அதிகம் குதிக்கும் ஓடும் பிள்ளைகளுக்கு, தொடைத் தசையின் நார் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒட்டும் இடம் இழுபட்டுப் புடைத்து வலிப்பது உண்டு. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தணியும். ஆனால் உங்கள் பேத்திக்கு இருப்பது அதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். வலியோடு தாவ விடக்கூடாது. ஓட்டத்தையும் எட்ஜ் பயிற்சியையும் அவர் அனுமதித்தால் தொடரலாம்.

வலி இல்லாத பிள்ளைக்கு எங்கள் அளவு: வாரத்தில் மூன்று நாள், சிமெண்ட் தரையானால் ஒரு நாளில் 25 தாவலுக்கு மேல் வேண்டாம். மரத்தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், அதில் 40 வரை போகலாம். தொடர்ந்து மூன்று முறை ஒரே மாதிரி விழுந்தால் அன்றைக்கு அந்தத் தாவல் போதும். களைத்த கால் தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் பேடு, ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். பின்னால் விழும்போது கையை ஊன்றுவதால்தான் மணிக்கட்டு முறிகிறது. இடுப்புப் பேடு வைத்த கால்சட்டை கிடைத்தால் அதையும் வாங்கிக் கொடுங்கள். விழுந்தால் வலிக்காது என்று தெரிந்த பிள்ளை பயமில்லாமல் நிமிர்ந்து குதிக்கும்.

டர்பன் கடற்கரை நடைபாதையில் தாவல் பழகலாமா? பேரிங் அடிக்கடி துருப்பிடிக்கிறதே?
– ஒரு வாசகர், டர்பன்

ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தாவலுக்கு வேண்டாம். காற்று கொண்டுவந்து போடும் மணல் ஒரு பிடி கிடந்தாலும் இறங்கும் சக்கரம் வழுக்கும், பின்னோக்கி இறங்குகிறவருக்குப் பின்னால் வரும் சைக்கிளும் குழந்தையும் தெரியாது. சமூகக்கூடம், பள்ளி மண்டபம், கூரையுள்ள நெட்பால் தளம் ஏதாவது பார்த்துக் கேளுங்கள். குறைந்தது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் வெற்றிடம் வேண்டும். தென்னாப்பிரிக்கக் கோடையில், டிசம்பர் முதல் மார்ச் வரை, புழுக்கமான நாட்களில் மண்டபத் தரை வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஈரம் ஒட்டும். அன்றைக்குத் துடைத்துவிட்டு மெதுவான பயிற்சி மட்டும்.

பேரிங்குக்கு உப்புக்காற்றுதான் பகை. கடற்கரையிலிருந்து வந்ததும் சக்கரத்தைத் துணியால் துடையுங்கள். நனைந்திருந்தால் அன்றே கழற்றி, மூடியைத் திறந்து, பாரஃபின் எனப்படும் மண்ணெண்ணெயிலோ ஐசோப்ரோபைல் ஆல்கஹாலிலோ அலசி, முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். பாரஃபினை அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது சக்கர நட்டை இறுக்கிவிட்டு, சக்கரம் தடையில்லாமல் ஓடும் வரை சிறிது தளர்த்துங்கள்.

சால்கோ, டோ லூப், லூப் மூன்றும் வந்துவிட்டன. ஆக்ஸலுக்குப் போகலாமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

இரண்டு சோதனை வைத்துப் பாருங்கள். முதலாவது, வால்ட்ஸ் தாவல் போட்டு இறங்கிய அதே வலது காலிலிருந்து, இடையில் ஓர் அடிகூட வைக்காமல், லூப் தாவல். ஐந்தில் நான்கு முறை நிற்கவேண்டும். இரண்டாவது, வலது காலில் பின் வெளி எட்ஜில் ஒரே இடத்தில் மூன்று சுற்றுச் சுழல்வது, இடது கால் வலது காலின் முன்னே குறுக்காக. ஆக்ஸல் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்: வால்ட்ஸ் தாவல் போலப் புறப்பட்டு, காற்றில் அந்தச் சுழல் நிலைக்குள் நுழைந்து, ஒன்றரைச் சுற்றில் இறங்குவது.

நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882-ல் பனித்தரை ஸ்கேட்டிங்கில் இதைப் போட்டுக் காட்டினார். சுவீடனின் உல்ரிக் சால்கோ தன் பெயர் பெற்ற தாவலைப் போட்டது 1909-ல். நாம் இறங்குவது போலவே பின்னோக்கிப் புறப்படும் சால்கோவைவிட, முன்னோக்கிப் புறப்படும் ஆக்ஸல் அரைச் சுற்று அதிகம். அந்த அரைச் சுற்றுக்குப் பயந்துதான் எல்லாரும் சீக்கிரம் திரும்பிவிடுகிறார்கள். வலது காலைப் பக்கவாட்டில் சுற்றி வீசினால் அச்சு சாயும். நேராக முன்னே, முழங்கால் முதலில், படியேறுவது போலக் கொண்டுபோங்கள். அந்த வலது காலின் மேலே எடை ஏறிய பிறகே கையை நெஞ்சுக்கு இழுங்கள், இடது கால் குறுக்கே வரட்டும்.

முதல் சில வாரம் ஷூவில் மட்டும், புல்தரையில். பிறகு ஸ்கேட்டில் மெதுவான வேகத்தில், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முயற்சிக்கு மேல் போகாமல். நின்று நின்று குதிக்காதீர்கள். ஓட்டம் இல்லாவிட்டால் எட்ஜ் இல்லை, எட்ஜ் இல்லாவிட்டால் மறுபடியும் தோள்தான் வேலை செய்யத் தொடங்கும். கால்வாசிச் சுற்றுக் குறைவாகவே தொடர்ந்து இறங்கினால் உயரத்தைக் கூட்டப் பார்க்காமல், வால்ட்ஸோடு லூப் சேர்த்த பயிற்சிக்கு ஒரு வாரம் திரும்பிப் போய்விட்டு வாருங்கள்.